தலைவர் டோல்கேட் தாண்டிட்டாரு

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வருகிற போன் எல்லாம் பெரும்பாலும் திட்டுவதற்குத்தான். தெருவில் கரண்ட் போனால், நான் இன்னும் லைன்மேனாகவே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு யாராவது கூப்பிடுவார்கள். ரிட்டயர் ஆகிவிட்டேன் என்றால், "அதான் கரண்ட் வர்ல போல" என்பார்கள். அதற்குப் பழகிவிட்டேன். ஆனால் போன மாதம் ஒரு காலையில் சதீஷ் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. எனக்குப் பின்னால் எர்ணாவூர்ப் பக்கத்துக்கு லைன்மேனாக வந்தவன் அவன்.

"அண்ணே, பொது எடத்துல கீற கொடிக்கம்பத்த எல்லாம் எடுக்கச் சொல்லி ஆர்டர் வந்துகீதுல்ல? எர்ணாவூர் முனையில கீற கம்பத்துக்கு வந்துகீறோம். லைன் கிளியர் வாங்கியாச்சு. தேவா அண்ணன் கம்பத்து அடியில குந்திகினு எயுந்துக்க மாட்டேன்றாரு. போலீசு தூக்கிடுவோம்னு சொல்றாங்க. நீங்க ஒரு நட வந்தா கேப்பாரு."

வருகிறேன் என்றேன். சட்டையை மாட்டும்போது எனக்குச் சலிப்பாக இருந்தது. அந்தக் கம்பத்தின் முகத்தில் இனி விழிக்கவே கூடாது என்று நினைத்திருந்தவன் நான்.

அந்தக் கம்பத்தைப் பற்றிச் சொல்வதானால் மரியதாஸ் போர்மேனிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் ஹெல்பராகச் சேர்ந்து, ஒயர்மேனாகி, லைன்மேன் ஆனது எல்லாம் அவர் கையின் கீழ்தான். கல்மண்டபத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நிற்பார். குரலை உயர்த்தவே மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், திருவொற்றியூரில் ஒரு டீக்கடை எதிரே, "சப்ளை இல்ல, ஏறு" என்றார். நான் ஏறினேன். இடுப்புக்கயிற்றைப் பிடித்து இழுத்து என்னைக் கீழே இறக்கினார்.

"நான் சொன்னேன்னு ஏறிட்டியா?"

"நீங்கதானே போர்மேன் சொன்னீங்க."

"நான் சொன்னா? நான் இன்னா கடவுளா? யாரு பார்த்தது? நீ பார்த்தியா?"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சோதித்துக் காட்டினார், அந்த லைனில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. நான் கயிற்றின் நீளத்துக்கு மேல் ஒரு அடிகூடப் போகாதபடி அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே, நீயே சோதித்துப் பார், பிறகு லைனை எர்த் ராடால் தரையோடு கட்டு, அப்புறம் கை வை. இதுதான் அவர் பாடம். கடற்காற்றில் உப்புப் படிந்து, பனிக்காலக் காலைகளில் கம்பியைத் தாங்கும் பீங்கான்கள் சடசடவென்று பொறி விடும் ஊர் இது. இங்கே என் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன என்றால் அந்த மனிதரால்தான்.

லைன் கிளியர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வேலை செய்யப் போகிறவர் சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி, அந்த லைனைத் தன் பெயரில் நிறுத்தச் சொல்கிறார். வேலை முடிந்ததும் அவரே, தன் வாயால், ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று சொன்னால்தான் சப்ளை திரும்பக் கொடுக்கப்படும். வேறு யாரும் சொல்லக்கூடாது. ஒருமுறை பெரிய இன்ஜினியர் ஒருவர் காரை விட்டு இறங்கி, ஏதோ தொழிற்சாலையில் விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் கொடு என்று கத்தினார். மரியதாஸ் போர்மேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஆளு மேல கீறான் சார். அவன் எறங்கி வந்து அவன் வாயால சொல்லட்டும்" என்றார். நான் நிதானமாகவே இறங்கினேன். இறங்கும்போது பெருமையாக இருந்தது.

இதே மனிதர் காக்கியைக் கழற்றிவிட்டுக் கட்சிக்கரை போட்ட வேட்டியைக் கட்டினால் வேறு ஆளாகிவிடுவார். எங்கள் தொழிற்சங்கக் கிளைக்கு அவர்தான் தலைவர். அவருக்கு மேலே ஒரு தலைவர் இருந்தார், எங்கள் தொகுதியில் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். பெயர் வேண்டாம், அந்தப் பக்கத்தில் யாரும் பெயர் சொல்வதில்லை, தலைவர் என்றாலே அவர்தான். ஒரு தேர்தலில் அவர் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரை மேடை மேடையாகத் திருடன் என்றார். அடுத்த தேர்தலில் அதே ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேனில் வந்தார். மறுநாள் டீக்கடையில் கேட்டேன்.

"போர்மேன், போன தடவ அவரத் திருடன்னாரே?"

"அதுல ஒரு கணக்கு கீதுடா. தலைவருக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியுமா அந்தக் கணக்கு?"

"எனக்கு எதுக்குடா தெரியணும்? அவருக்குத் தெரிஞ்சா போதாதா?"

அவரைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதி இருந்ததாகச் சொல்ல மாட்டேன். நானும் தலைவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன், போர்மேன் சொன்னார் என்பதற்காக. ஆனால் எல்லாவற்றுக்கும் யார் பார்த்தது என்று கேட்கிறவர், இந்த ஒரு இடத்தில் மட்டும் கேட்காமல் இருக்கிறாரே என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் ஒருவர்தான் அப்படி என்றும் இல்லை. பொதுக்கூட்டம் என்றால் தெரு லைனில் கொக்கி போட்டு மேடைக்குக் கரண்ட் எடுப்பார்கள். சுற்று வீடுகளில் ட்யூப்லைட் மினுக்கும், மிக்சி சுற்றாது. ஒருமுறை நான் போய்க் கொக்கியைக் கழற்றினேன். கட்சிக்காரர்கள் அடிக்க வருவார்கள் என்று பயந்திருந்தேன். வந்தவர்கள் அந்தத் தெருப் பெண்கள். தலைவர் பேச்சைக் கெடுக்க யாரிடம் துட்டு வாங்கினாய் என்று சட்டையைப் பிடித்தார்கள். உங்கள் வீட்டு ஃபேன் சுற்றாததே இந்தக் கொக்கியால்தான் அம்மா என்று சொன்னேன். ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அது எங்க வூட்டு ஃபேனு. சுத்துனா சுத்துது, சுத்தாங்காட்டி போவுது. உனுக்கு இன்னா?" என்றார்.

இனி கம்பத்துக்கு வருகிறேன்.

எர்ணாவூர் முனையில் எதிர்க்கட்சியின் கம்பம் ஏற்கெனவே இருந்தது. அதைவிட உயரமாக ஒன்று நட வேண்டும் என்று நம்மவர்கள் முடிவு செய்தார்கள். அதற்கு முன்னால் நின்றவன் தேவா. கன்டெய்னர் யார்டில் சுமை ஏற்றுகிற வேலை. முறுக்கேறிய உடம்பு, எப்போதும் சிரிப்பு. மரியதாஸ் போர்மேன்தான் அவனைக் கட்சிக்குக் கூட்டி வந்தவர். அவரை மாமு, மாமு என்று சுற்றி வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரையும் கேட்காமல் குழி தோண்டி இரும்புக் கம்பத்தை நட்டுவிட்டார்கள். கம்பத்தின் உச்சிக்குக் கொஞ்சம் தள்ளி உயர் அழுத்த லைன் போகிறது. நடும்போது யாரும் சாகாதது அதிர்ஷ்டம்.

எங்கள் உதவிப் பொறியாளர் ஏ.இ. அம்மா, சின்ன வயதுப் பெண், நேரில் வந்து பார்த்துவிட்டுக் கம்பத்தை எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னார். மேலிடத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது. கடைசியில், விழா முடியும்வரை கம்பம் இருக்கட்டும், அதற்குப் பிறகு லைனைத் தள்ளிப் போட்டுவிடலாம், தலைவர் சொல்லிவிட்டார் என்று முடிந்தது. விழா நேரத்தில் மட்டும் லைனை நிறுத்திவைக்க வேண்டும். மேடைக்கு ஜெனரேட்டர்.

விழாவன்று மத்தியானம் என் பெயரில் லைன் கிளியர் வாங்கினேன். மேடைக்குப் பின்னால் இருந்த மின்கம்பத்தில் எர்த் ராடு மாட்டினேன். மரியதாஸ் போர்மேன் அன்று லீவு. கரை வேட்டியில் இருந்தார். நாலு மணிக்குத் தலைவர் வந்து கொடியேற்றுவதாக ஏற்பாடு. கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பூத்தட்டோடு சின்னப் பெண்களை வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தலைவர் கல்மண்டபம் வந்துவிட்டார். தலைவர் டோல்கேட் தாண்டிட்டாரு. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. டோல்கேட்டிலிருந்து எர்ணாவூருக்கு எவ்வளவு நேரமாகும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் போய், அதுபோல இன்னொரு மடங்கும் போனது. மறுபடி மைக்கில், தலைவர் டோல்கேட் தாண்டிட்டாரு. மறுபடி எழுந்து கத்தினார்கள். கேலியாக இல்லை, நிஜமாகவே கத்தினார்கள். சுற்றிலும் வீடுகளில் கரண்ட் இல்லை. ஒரு வாசலில் படுத்துக் கிடந்த பெரியவருக்கு மருமகள் முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் போய், இன்னும் கொஞ்ச நேரம்தான் அம்மா என்றேன். "தலைவர் டோல்கேட் தாண்டிட்டாராமே" என்று என்னையே சமாதானப்படுத்தினாள்.

இருட்டத் தொடங்கியபோது ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மைக் ஊமையானது. அதே நேரத்தில் கடற்காற்று எழும்பி, கொடிக்கயிற்றைத் தூக்கி லைன்மேல் போட்டுச் சிக்கவைத்திருக்கிறது. இது மேடைக்குப் பின்னால் இருந்த எங்களுக்குத் தெரியாது. பெரிய பேனர் மறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தேவா, கையில் ஓர் இரும்புக் குழாயோடு கம்பத்தில் ஏறியிருக்கிறான். லைனில்தான் கரண்ட் இல்லையே.

இந்தப் பக்கம் போர்மேன் என் தோளைப் பிடித்தார்.

"குமரேசா, லைன் கிளியரத் திருப்பிக் குட்றா. தலைவர் டோல்கேட் தாண்டிட்டாரு. இருட்டுல வந்தா எறங்குவாரு?"

"கம்பத்துகிட்ட ஒரு நடை பார்த்துட்டு வந்துடறேன் போர்மேன்."

"அல்லாரும் எறங்கிட்டாங்கடா."

"யார் பார்த்தது?"

அவர் கேள்வியை அவரிடமே கேட்டேன். ஒரு கணம் என்னையே பார்த்தார். சிரிக்கப் போகிறார், சபாஷ் சொல்லப் போகிறார் என்றுகூட நினைத்தேன்.

"தலைவர் வந்துகினு கீறாருடா. இப்ப போயி இன்னா கேள்வி இது?"

நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. எனக்குப் பின்னால் அவரே எர்த் ராடைக் கழற்றிவிட்டு, சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருக்கிறார். அங்கே இருந்த ஆப்பரேட்டர் எங்கள் சங்கத்துப் பையன். லைன் கிளியர் குமரேசன் பெயரில் இருக்கிறதே என்று அவன் கேட்கவில்லை. போர்மேன் சொல்லிவிட்டார், அது போதும் அவனுக்கு. போர்மேனுக்கு மைக் சொன்னது போதும்.

விளக்குகள் எரிந்தன. தலைவர் வந்துவிட்டார் என்று நினைத்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. சரவெடி வெடித்தார்கள். கம்பத்தின் உச்சியில் நீலமாக ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன். தேவா பந்தல் துணிமேல் விழுந்து, துணியோடு தரைக்கு வந்தான். அதனால்தான் உயிர் மிஞ்சியது. அவன் விழுந்த பிறகும் வாழ்க கோஷம் நிற்கவில்லை. பட்டாசுப் புகையில் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வலது கையைத் தோளுக்குக் கொஞ்சம் கீழே எடுத்துவிட்டார்கள்.

தலைவர் அன்று வீட்டை விட்டே கிளம்பவில்லை. நேரம் சரியில்லை என்று யாரோ சொன்னார்களாம். அப்படியானால் டோல்கேட் தாண்டியது யார்? மைக் பிடித்தவரைக் கேட்டேன். பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள் என்றார். பின்னால் இருந்தவரைக் கேட்டேன். மைக்கில் சொன்னதைக் கேட்டுத்தான் நானும் சொன்னேன் என்றார். யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.

கட்சி, மின் ஊழியரின் அலட்சியம் என்று போஸ்டர் ஒட்டியது. லைன் கிளியர் என் பெயரில் இருந்ததால், நீயே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லிவிடு, தலைவர் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். என் மனைவி அன்றிரவு சாப்பிடவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். விசாரணையில் மரியதாஸ் போர்மேன் யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்றார்.

"குமரேசன் குடுக்கல சார். நான்தான் குடுக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"தலைவர் டோல்கேட் தாண்டிட்டாருன்னாங்க."

"யார் பார்த்தது?" என்று அந்த அதிகாரி சாதாரணமாகத்தான் கேட்டார். போர்மேன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம், "அவருக்குத் தெரிஞ்சிருந்தா வந்திருப்பாருடா, கூடக் கீறவங்க சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. தண்டனை அவருக்குத்தான். அதோடு அவர் கரை வேட்டி கட்டுவதை விட்டார். கட்சியை விட்டதாக யாரிடமும் சொல்லவில்லை. அந்த முனைக்கும் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தலைவரின் ஆட்கள் வந்து தேவாவோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கட்டுப் போட்ட இடம் தெரியாமல் கட்சித் துண்டைப் போர்த்தி எடுத்தார்கள். சீக்கிரமே நேரில் வந்து அந்தக் கம்பத்தில் கொடியேற்றுவதாகத் தலைவர் சொல்லி அனுப்பினாராம். அந்த ஒரு வார்த்தையில்தான் தேவா பிழைத்து எழுந்தான். வேலை போனது. ஒரு பெட்டிக்கடை வைத்துக்கொண்டான். கம்பத்தில் வேறு யாரையும் கொடியேற்ற விடவில்லை. லைனைத் தள்ளிப்போடுவார்கள் என்ற பேச்சும் அப்படியே நின்றது.

பிறகு தலைவர் கட்சி மாறினார், அதே முனையில் ஏற்கெனவே கம்பம் வைத்திருந்த எதிர்க்கட்சிக்கு. ஒருநாள் அந்த வழியாகப் போனபோது, தேவா கம்பத்தடியில் உட்கார்ந்து, கை எட்டும் உயரம்வரை இடது கையால் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். பழைய நிறத்தின்மேல் புது நிறம்.

"இன்னா தேவா இது?"

"தலைவர் எங்க கீறாரோ அங்க நான், அண்ணாத்த. கம்பமும்தான்." அதே சிரிப்பு.

போன மாதம் அந்தக் காலையில், நேராகப் போகாமல் கல்மண்டபம் போனேன். மரியதாஸ் போர்மேன் இப்போது நடப்பதற்கே கஷ்டப்படுகிறார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து என்னோடு ஆட்டோவில் ஏறினார்.

தேவா கம்பத்தில் முதுகைச் சாய்த்துக் குந்தியிருந்தான். சுற்றி போலீஸ், மாநகராட்சி ஆட்கள், சதீஷின் ஆட்கள். போர்மேனைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"மாமு! இத்தினி வருஷம் கயிச்சி இப்பதான் வயி தெரிஞ்சுதா?"

போர்மேன் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எயுந்துருடா தேவா. போவட்டும்."

"தலைவர் ஏத்தாத கம்பம் மாமு இது. அவரு வரேன்னு சொல்லிகீறாரு. வந்து கம்பம் எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவர் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் தேவாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். கட்சியின் வட்டச் செயலாளர் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "தேவா, கம்பத்தத் தொட வுடாத. தலைவரே நேர்ல வந்துகினு கீறாரு. டோல்கேட் தாண்டிட்டாரு."

தேவா துள்ளி எழுந்தான். இடது கையால் தலையைக் கோதி, காலியான வலது சட்டைக்கையை நீவிவிட்டான். கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தெற்கே ரோட்டைப் பார்த்து நின்றான். போலீஸ்காரர்கள் தொப்பியைச் சரிசெய்தார்கள். மாநகராட்சி ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ரோட்டைத்தான் பார்த்தேன்.

"யாருடா பார்த்தது?" என்றார் போர்மேன்.

"இன்னா மாமு, தலைவர்மேலயே டவுட்டா?" தேவா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சதீஷ் என் காதருகே வந்தான். "அண்ணே, இன்னிக்கி எடுக்க மாட்டாங்க போல. லைன் கிளியரத் திருப்பிக் குடுத்துடட்டா? தெருவே கரண்ட் இல்லன்னு கத்துது."

போர்மேன் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். சதீஷின் சட்டையைப் பற்றி அவனை அருகே இழுத்தார்.

"குடுக்காத. யாரு சொன்னாலும் குடுக்காத. என் புள்ள கம்பத்தப் புடிச்சிகினு நிக்கறான் பாரு."

சதீஷ் போனைப் பையில் போட்டுக்கொண்டான். சாயங்காலம்வரை மரியதாஸ் போர்மேன், தேவாவின் காலிச் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்றார். தலைவர் வரவில்லை. கரண்ட் இல்லாத தெரு எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தது.